மழைக்குள் தொடங்கும் முதலாம் தவணை

பதுளை மாவட்டத்துப் பசறையில் ஜனவரி மழை மாதம். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் ஏறிக் குளிர்ந்து, 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலையிலும் அதன் அடிவாரத் தோட்டங்களிலும் கொட்டித் தீர்க்கும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் வெயில் எறிக்கும் நாட்களிலும் இங்கே கோணக்கலை, கனவரல்லைத் தோட்டங்களில் மூடுபனி விலகாது. இலங்கைப் பாடசாலைகளின் முதலாம் தவணை வழக்கமாகத் தொடங்குவது இந்த மழைக்குள்தான். புதுச் சப்பாத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் பிடித்தபடி வழுக்குப் பாதையில் வெறுங்காலோடு இறங்கி, தார் வீதிக்கு வந்த பிறகு கால் கழுவிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை இந்த மாதத்தில் காணலாம்.

புது ஆண்டின் முதல் காலைக் கூட்டத்தில் எந்த அதிபர் பேசினாலும் மூன்று விஷயங்கள் வந்துவிடும்: கவனமாகப் படிக்க வேண்டும், மனம் தளரக் கூடாது, நல்ல பழக்கங்களை வளர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றும் சரியான அறிவுரைதான். ஆனால் மூன்றையும் பிள்ளையின் குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். உள்ளவனிடம் அவை இருக்கின்றன, இல்லாதவன் சோம்பேறி என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். மூளையையும் உடலையும் பற்றிய ஆய்வுகள் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. கவனமும் பழக்கமும் மனவுறுதியும் பெரும்பாலும் பிள்ளையைச் சுற்றி உள்ளவற்றால் உருவாகின்றன: நாளின் வேளை, இருக்கும் இடம், தட்டில் விழும் உணவு, இரவில் கிடைக்கும் உறக்கம், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒரு பெரியவர். தோட்டத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இந்த வரிசையை மறப்பது பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன்.

புதிய தொடக்கத்துக்கு ஒரு வலு இருப்பது உண்மை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், புத்தாண்டு, பல்கலைக்கழகத் தவணையின் தொடக்கம் போன்ற வேளைகளில் மனிதர்கள் உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கூடுதலாகப் போவதைப் பதிவேடுகளிலிருந்து காட்டினார்கள். பழைய தவறுகளைப் பழைய கணக்கில் எழுதிவிட்டுப் புதிய ஆளாக நிற்க அந்த நாள் இடம் தருகிறது. ஆனால் அந்த வேகம் விரைவில் வடிந்துவிடும். மேலும், இலங்கையின் பிள்ளைகளுக்கு அண்மைக் காலத்தில் அந்த நாளே நிலையாக இருக்கவில்லை. கொவிட் மூடல்களுக்குப் பிறகு 2022ஆம் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்கியது. 2023க்குரியது மார்ச் கடைசியில், 2024க்குரியது பெப்ரவரியில், 2025க்குரியது ஜனவரி கடைசியில். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் தயாரான ஒரு தலைமுறை, எந்த மாதத்தில் எது வரும் என்ற நிச்சயம் இல்லாமல் வளர்ந்தது.

வேகம் வடிந்த பிறகும் நிற்பது பழக்கம். அது மூளையில் எப்படிப் பதிகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆன் கிரேபியலின் குழு எலிகளைக் கொண்டு ஆராய்ந்தது. இரண்டாகப் பிரியும் பாதையில் ஓடி, ஓர் ஒலியைக் கேட்டு, எந்தப் பக்கம் திரும்பினால் தீனி கிடைக்கும் என்று எலி கற்றுக்கொள்ள வேண்டும். முதல் நாட்களில் மூளையின் ஆழத்தில் உள்ள அடிக்கரு நரம்பணுக்கள் ஓட்டம் முழுவதிலும் துடித்துக்கொண்டிருந்தன. பாதை பழகிய பின் அவை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன, நடுவில் அமைதி. 1999இல் வெளியான இந்த முடிவின் பொருள் எளியது. ஒரு குறி கிடைத்ததும் மூளை முழுச் செயலையும் ஒரே துண்டாக எடுத்து ஓட்டிவிடுகிறது. படிக்கலாமா வேண்டாமா என்ற மனப் போராட்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

ஆக, பழக்கத்துக்கு முதலில் வேண்டியது குறி. படிப்புக்கென்று தனி மேசையும் தனி அறையும் இருந்தால் நல்லது. எட்டடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும் தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் அதற்கு வழியில்லை. ஆனால் நேரம் தவறாத குறிகள் தோட்டத்தில் நிறைய உண்டு. விடியுமுன் அம்மா அடுப்பு மூட்டுகிறாள். காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு ஆட்கள் போகிறார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்பி இஸ்தோப்பில் கூடையை இறக்கி வைக்கிறாள். ‘தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்’ என்று ஜனவரியில் எடுக்கும் சபதத்தை விட, ‘அம்மா கூடையை இறக்கியதும் கணக்குக் கொப்பியை எடுப்பேன்’ என்ற ஒரு வரி வலுவானது. எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் வெறும் இலக்கு மட்டும் வைத்திருப்பவர்களை விடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் நிறுவியிருக்கிறார்.

எத்தனை நாளில் பழக்கம் ஊன்றும்? 21 நாள் என்று மேடைகளில் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்யவைத்து 12 வாரம் கவனித்தார்கள். அதிலிருந்து கணித்தபோது, செயல் தன்னியல்பாக மாற எடுக்கும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் நின்ற எண் 66. ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி பழக நீண்ட காலம் எடுத்தது. ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும் பிள்ளைக்கு 66ஆம் நாள் மார்ச் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் வரும். முதலாம் தவணை முழுவதையும் பழக்கம் ஊன்றுவதற்கான காலமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பெப்ரவரியில் ‘இவன் திருந்தமாட்டான்’ என்று சொல்லிவிடுவது மிகவும் அவசரம்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவு உண்டு. மழையால் பஸ் ஓடாத நாட்களும் காய்ச்சல் நாட்களும் நிறைந்த பசறைக்கு அது மிகவும் தேவையானது. இடையில் ஒரு நாள் தவறிப்போனது பழக்கம் ஊன்றுவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. தவறிய நாளுக்காகப் பிள்ளையை ஏசுவதும் பிள்ளை தன்னையே நொந்துகொள்வதும் வீண். அடுத்த நாள் அதே குறி வரும்போது கொப்பியை எடுத்தால் போதும்.

உறக்கத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, கணக்கு நேரானது. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. பகலில் படித்தது நிலையான நினைவாகப் பதிவது உறக்கத்தில்தான். காலை 5 மணிக்கு எழும் நாலாம் தரப் பிள்ளை இரவு 8 மணிக்குப் படுத்தால்தான் 9 மணி நேரம் கிடைக்கும். ஒரே காம்பராவில் தொலைக்காட்சி சீரியல் பத்து மணிவரை ஓடினால் அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்? அந்த முடிவு பெரியவர்கள் கையில் இருக்கிறது.

இனி ரொட்டியும் தேத்தண்ணியும்.

தோட்டத்துக் காலையுணவு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், பக்கத்தில் சீனி போட்ட வெறுந் தேத்தண்ணி. மாவிலும் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து இறைச்சியில் உள்ளதைப் போல உடலில் எளிதாகச் சேராது. தேயிலையில் உள்ள தனின் வகைச் சேர்மங்கள் குடலில் அந்த இரும்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகின்றன; அது உடலில் சேராமலே வெளியேறுகிறது. பி. பி. டிஸ்லரும் சகாக்களும் 1975இல் இதை அளந்து காட்டினார்கள். பாணிலிருந்து சுமார் 10 வீதம் சேர்ந்த இரும்பு, கூடவே தேநீர் குடித்தபோது 3 வீதமளவுக்கு இறங்கியது. உலகத்துக்கே தேயிலை தரும் மலையில் பிறந்த பிள்ளை, அதே தேயிலையால் தன் ரத்தத்தில் சேர வேண்டிய இரும்பை இழக்கிறது.

இரும்பு குறைந்தால் என்ன நடக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வி. ஆர். எட்ஜர்ட்டன், இலங்கை மருத்துவர் பி. சேனவிரத்ன முதலானோர் அதை வெளியிட்டார்கள். ரத்தசோகை உள்ள தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இரும்பு பெற்றவர்களின் ஹீமோகுளோபின் ஏறியது, எடுத்த கொழுந்தின் அளவும் ஏறியது. மிகக் கடுமையான ரத்தசோகையோடு இருந்த பெண்களிடம் அந்த ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது. வேலை இல்லாத வேளையிலும் அவர்கள் முன்னை விட உற்சாகமாக இயங்கினார்கள். அதுவரை ‘மெத்தனம்’ என்று ஏச்சு வாங்கிய உடல்களில் உண்மையில் இருந்தது ஒரு தாதுக் குறைபாடு.

வகுப்பறைக்கும் இதே நியாயம் பொருந்தும். கவனத்தை ஒரு பொருளில் நிறுத்த உதவும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை உடல் தயாரிக்க இரும்பு வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேல்நிலைப் பாடசாலை மாணவிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1996இல் வெளியானது. அவர்களுக்கு ரத்தசோகை இல்லை. இரும்பின் சேமிப்பு மட்டும் குறைந்திருந்தது. எட்டு வாரம் இரும்புச்சத்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களை விடச் சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் முன்னேறினார்கள். பின்வரிசையில் கொட்டாவி விடும் பத்தாம் தர மாணவியைப் பற்றி முடிவு கட்டுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

தீர்வு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை. தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தால் போதும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரும்புக்கு ஏற்படும் நட்டம் வெகுவாகக் குறைகிறது என்று 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. ரொட்டியோடு வெந்நீர், கூடவே தேசிக்காய் பிழிந்த சம்பலோ லயத்துப் பின்பக்கக் கொய்யாவோ இருந்தால் அதிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும். பாடசாலையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறியும் பிள்ளைகள் பல பாடசாலைகளில் உண்டு. இரும்பு பெற்றுக் கூடுதலாகக் கொழுந்தெடுத்த அந்தப் பெண்களின் கதையை அவர்களிடம் சொல்லலாம். அவர்களுடைய அப்பாயியும் அம்மாயியும் நின்ற மலையிலிருந்து வந்த அறிவு அது.

படிக்கும் முறைக்கு வருவோம். ஜேர்மனியில் ஹெர்மன் எபிங்கவுஸ் பொருளற்ற அசைகளைப் பாடமாக்கித் தன் மறதியைத் தானே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் நழுவிவிடுகிறது, பிறகு மறதி மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் மறதி தள்ளிப்போகும் என்பதையும் அவரே கண்டார்.

திரும்பப் படிப்பதிலும் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குச் சிறு பாடப் பந்திகளைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு குழு பாடத்தை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்து, மூன்று தடவை தாளை மூடிவிட்டு நினைவில் வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் 83 வீதம் சொன்னார்கள், மூடி எழுதியவர்கள் 71 வீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வரிசை தலைகீழானது. படித்தே தீர்த்தவர்களிடம் 40 வீதம் மிஞ்சியிருந்தது. மூடி எழுதியவர்களிடம் 61 வீதம். திரும்பத் திரும்ப வாசிக்கையில் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வருகிறது, பரீட்சை நாளில் அது கலைந்துவிடுகிறது. நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் சிரமம்தான் பாடத்தை ஆழப் பதிக்கிறது.

மலையகத்தில் இதை விளக்க வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டாம். மாசி மாதத்தில் காமன் ஊன்றிய நாள் முதல் பௌர்ணமியில் தகனம் நடக்கும்வரை தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. ரதி மதனாக வேடம் கட்டும் பிள்ளைகள் நீண்ட பாட்டுகளைத் தப்பு மேளத்தின் அடிக்கு ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். கையில் கொப்பி கிடையாது. மாஸ்டர் ஓர் அடி பாட, கேட்டுத் திருப்பிப் பாடி, மறந்த இடத்தில் நின்று, அடுத்த இரவு மறுபடி நினைவிலிருந்து எடுத்துப் பாடியே அதைக் கற்கிறார்கள். இரவுகளுக்கு இடையில் உறக்கமும் ஒரு நாள் இடைவெளியும் தாமாகவே அமைகின்றன. எபிங்கவுஸும் ரோடிகரும் சொன்ன இரண்டும் அந்தக் களத்தில் இருக்கின்றன. கூத்தில் இத்தனை அடிகளை ஏந்தும் பிள்ளைக்கு ‘ஞாபகசக்தி இல்லை’ என்று வகுப்பில் பெயர் வந்தால், பிழை கற்பிக்கும் முறையில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தையும் விஞ்ஞானப் பாடத்தையும் புத்தகம் மூடிச் சொல்லிப் பார்க்க வைக்கலாம். தங்கச்சிக்கு அண்ணன் சொல்லிக் காட்டுவதே போதும். எழுத்து வாசனை இல்லாத பாட்டியும் பாடம் கேட்கலாம்.

கவனம் சிதறுவதற்குக் கைத்தொலைபேசியைக் குறை சொல்வது இப்போது வழக்கம். கொவிட் காலத்தில் அதே தொலைபேசிக்கு அலைவரிசை தேடி லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மலைமேல் ஏறிப் பாடம் கேட்டதை நாடு மறந்திருக்காது. தொலைபேசியை விடப் பழைய ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் செய்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய வாரங்களில் அதே விவசாயிகள் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார்கள். காசு வந்த பிறகு மேலே வந்தார்கள். பணக் கவலை மனதின் ஒரு பகுதியை ஓயாமல் பிடித்துவைத்திருக்கிறது என்பது அவர்களின் விளக்கம். சம்பள நாளுக்கு முந்திய வாரம் லயத்தில் எப்படி இருக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்தப் பேச்சின் நடுவில் உட்கார்ந்து பின்னக் கணக்குச் செய்யும் பிள்ளையின் கவனமும் அதே வாரத்தைத்தான் வாழ்கிறது. வகுப்புக் காசு, சுற்றுலாக் காசு, கட்டுரைக் கொப்பி என்று பட்டியல் போடும் பாடசாலை, கேட்கும் திகதியைச் சம்பளத்துக்குப் பிந்திய வாரத்துக்கு மாற்றினால் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை.

மனவுறுதிக்குக் குழந்தைப் பருவத்தில் என்ன அடித்தளம் என்பதை 2013இல் செலஸ்ட் கிட் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனை அழகாகக் காட்டுகிறது. மூன்று முதல் ஐந்து வயதுவரையான 28 பிள்ளைகள். படம் வரைய நல்ல வர்ணங்கள் கொண்டுவந்து தருவதாக ஒரு பெரியவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மற்றவர்களிடம் ‘மன்னிக்கவும், இல்லை’ என்று கைவிரித்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை: முன்னால் ஓர் இனிப்பு, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை பொறுமையில்லாத பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. அது நடந்ததைப் பார்த்துச் சரியாகக் கணக்குப் போட்டது.

இந்தக் கணக்கைத் தோட்டங்கள் நூறு ஆண்டுக்கு மேலாகப் போட்டு வந்திருக்கின்றன. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட முதலாளிகளிடம் கொடுத்தது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டிலும் ஓர் ஆசிரியருமாக முடிந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமையும் போனது. 1970களில்தான் அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. படித்தால் முன்னேறலாம் என்ற வாக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தாமதமாகவும் பாதியாகவும் பெற்ற ஒரு சமூகத்தில், பத்தாம் தரத்தோடு கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன் முன்னால் இருக்கும் ஒற்றை இனிப்பை எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு உபதேசம் செய்வதை விட, திருத்தித் தருவதாகச் சொன்ன கொப்பியைச் சொன்ன நாளில் திருத்திக் கொடுப்பது கூடுதல் பலன் தரும். ஜனவரி முதல் வாரத்தில் ஓர் ஆசிரியை சொல்லும் நேரசூசி மார்ச் வரை அப்படியே நடந்தால், பிள்ளைக்கு அது பன்னிரண்டு நிமிடம் காத்திருக்கக் கற்றுத் தரும் அனுபவம்.

மனவுறுதி பற்றிய விஞ்ஞானத்தின் முன்னோடி ஆய்வுகளில் ஒன்று ஒரு பெருந்தோட்டத் தீவில் நடந்தது என்பது மலையகத்தில் பலரும் அறியாத செய்தி. ஹவாயின் கவாய் தீவு. கரும்பும் அன்னாசியும் விளைந்த மண். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய. எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்து நாற்பது வயதுவரை தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பெற்றோரின் குடி, குடும்பச் சண்டை, கடினமான பிரசவம் என்று பல ஆபத்துகளை ஒருசேரச் சுமந்தவர்கள். அந்தப் பங்கிலும் மூன்றில் ஒருவர், மொத்தம் 72 பேர், படித்து, வேலை செய்து, அன்புள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள்.

அவர்களிடம் என்ன இருந்தது? அபூர்வத் திறமை எதுவும் இல்லை. வெர்னர் கண்டவற்றுள் முதன்மையானது, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நிபந்தனையில்லாமல் ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். பெற்றோர் முடியாத நிலையில் இருந்தபோது பாட்டி, மூத்த அக்கா, அயல்வீட்டுக்காரர், ஆசிரியர் என்று யாரோ ஒருவர். வீட்டில் அவர்களுக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. தம்பி தங்கையைக் கவனிப்பது போல, தான் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலை. லயத்தில் இது தினசரி வாழ்க்கை. அம்மா மலைக்குப் போனதும் அப்பாயிதான் தலைசீவி அனுப்புகிறாள், அக்காதான் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள். இந்தச் சொத்தை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பொறுப்பு எல்லை மீறி, அக்காவின் பாடசாலையையே நிறுத்தும் இடத்தையும் கண்காணிக்க வேண்டும். ஒன்பதாம் தரத்தில் நின்றுபோகும் பெண்பிள்ளைகளின் கதை பல லயங்களில் அப்படித்தான் தொடங்குகிறது.

மனவுறுதியை ஒரே நாளில் சோதிக்கும் அழிவுகளும் இங்கே உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப்போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் மாவட்டத்தின் பல இடங்களில் மறுபடி மலை சரிந்தது. இப்படிப்பட்ட அழிவுக்குப் பிறகு பிள்ளைகளைத் தேற்றுவது எது என்று ஆராய்ந்த அன் மாஸ்டென் போன்றோர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: பாடசாலையைச் சீக்கிரம் திறப்பது. மணி அடிப்பதும், தெரிந்த முகங்களும், நேற்றுப் போலவே இன்றும் நடக்கும் முதல் பாடவேளையும் உலகம் முற்றாக உடைந்துவிடவில்லை என்று பிள்ளையின் உடலுக்குச் சொல்கின்றன. இழப்பைப் பற்றிப் பேச அந்தப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பேச வரும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும். மழை இரவில் கண் மூடாத பிள்ளை வகுப்பில் தூங்கினால் எழுப்பாமல் விடுவதும் கற்பித்தலில் சேரும்.

கவாய் ஆய்வில் என்னை மிகவும் தொட்ட பகுதி 72 பேரின் கதை அல்ல, மற்றவர்களுடையது. பதின்ம வயதில் பாடசாலையை விட்டு, சிலர் பொலிஸ் வழக்குவரை போய், எல்லோராலும் கைவிடப்பட்டவர்கள். வெர்னர் அவர்களை முப்பது வயதுகளில் மறுபடி சந்தித்தபோது பெரும்பாலானோர் நிமிர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதோ ஒரு இரண்டாம் கதவு திறந்திருந்தது: வளர்ந்தவர்களுக்கான கல்லூரி, படையில் கற்ற தொழில், நல்ல துணை, ஒரு வழிபாட்டுச் சமூகம். பதினாறு வயதில் எழுதப்பட்ட தீர்ப்பு முப்பத்திரண்டு வயதில் செல்லாமல் போயிருந்தது.

பசறையிலும் அந்தக் கதவு இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி தோற்றலாம். கொழும்பிலிருந்து திரும்பி வந்து தோட்டத்தில் நிற்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு விண்ணப்பத் திகதியை யாராவது சொல்லியிருக்கிறார்கள்? ஜனவரியில் புதுப் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் அதே வாரத்தில், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதியில் நின்றவர்களின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஆசிரியர் லயம் லயமாக நடந்து போய்ச் சொல்லிவிட்டு வரலாம். மழை விட்ட ஒரு சனிக்கிழமை போதும்.